வழக்கு உங்களுடையது, பணம் இன்னொருவருடையது

2019 டிசம்பரில் பிரிட்டனின் தபால் நிறுவனம், தன்மீது வழக்குப் போட்டிருந்த 555 பேருடன் சமரசம் செய்துகொண்டது. தர ஒப்புக்கொண்ட தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அந்த 555 பேரின் கைக்கு வந்து சேர்ந்தது சுமார் 1.2 கோடி பவுண்டுதான். ஆளுக்கு 20 ஆயிரத்துச் சொச்சம். மீதி ஏறக்குறைய 4.6 கோடி பவுண்டு, வழக்கு நடத்திய செலவுக்கும் வழக்குக்குப் பணம் போட்ட தீரியம் என்ற நிதி நிறுவனத்தின் பங்குக்கும் போய்விட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அந்த 555 பேரையும் திரட்டி வழக்கை முன்னின்று நடத்திய ஆலன் பேட்ஸ், 2024 ஜனவரியில் பத்திரிகையில் எழுதியபோது கேட்டது வேறு. இப்படி வெளியிலிருந்து வழக்குக்குப் பணம் வரும் வழியை அடைத்துவிடாதீர்கள் என்றார். அந்தப் பணம் வந்திராவிட்டால் தங்கள் வழக்கு நீதிமன்றப் படியையே ஏறியிருக்காது என்பது அவர் வாதம்.

அவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் சிறு தபால் நிலையங்களை ஒப்பந்த அடிப்படையில் தனிநபர்கள் நடத்துகிறார்கள். 1999-இலிருந்து அவற்றில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. மென்பொருளில் பிழை. உண்மையில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. பற்றாக்குறை வந்தால் கையிலிருந்து கட்டு, இல்லையேல் திருட்டு வழக்கு என்றது நிறுவனம். 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டையும் கடையையும் விற்றார்கள். அப்படி விற்று நின்றவர்கள் அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தோடு லண்டன் உயர் நீதிமன்றத்தில் மோத வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? அந்த இடத்தில்தான் தீரியம் உள்ளே வந்தது.

இது கடன் இல்லை. கடனென்றால் தோற்றாலும் திருப்பிக் கட்ட வேண்டும். இங்கே தோற்றால் ஒரு பைசாவும் திருப்பித் தர வேண்டாம், போட்டவருக்குப் போட்டது போச்சு. ஜெயித்தால் போட்ட முதலும் அதற்கு மேல் ஒரு பெரிய பங்கும் அவருக்கு. இதை வழக்கு நிதி என்கிறார்கள். வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவே, வழக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்றாமவர் லாப நோக்கோடு பணம் போடுவது. வக்கீலே 'ஜெயித்தால் எனக்கு இத்தனை சதவீதம்' என்று வழக்கை எடுத்துக்கொள்வது வேறு ஏற்பாடு. அமெரிக்காவில் அது சர்வ சாதாரணம், இந்தியாவில் வக்கீலுக்குத் தடை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பணம் போடுகிறவர் என்ன பார்ப்பார்? நியாயம் யார் பக்கம் என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறோம். கேள்விகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. எதிராளியிடம் பணம் இருக்கிறதா, தீர்ப்பு வந்தபின் அதை வசூலிக்க முடியுமா, எத்தனை வருடம் ஆகும், செலவுக்கும் கிடைக்கப்போகும் தொகைக்கும் என்ன விகிதம் என்பதெல்லாம் அதே அளவுக்கு முக்கியம். ஒரு பங்கு செலவுக்குப் பத்துப் பங்காவது வரவு தேற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆகவே விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது, ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்தச் சொல்லும் தடையாணை இப்படிப் பணமாக முடியாத வழக்குகள் எவ்வளவு நியாயமானவையாக இருந்தாலும் இந்த வாசலில் நிற்க முடியாது. ஐந்து லட்சம் ரூபாய்க்கான வழக்கும் நிற்காது. ஏழைக்கு நீதி கிடைக்க இது வழி என்று இத்துறையினர் மேடைதோறும் பேசுவதில் பாதி உண்மைதான் இருக்கிறது. தனியாக நின்றால் சில ஆயிரம் பவுண்டு பெறுமானமுள்ள ஏழைகள், 555 பேராகச் சேர்ந்து நின்றால்தான் அது வழி.

சம்மதித்தால் ஒப்பந்தம் போடுவார்கள். பணம் மொத்தமாக வராது. மனு, ஆவணப் பரிமாற்றம், விசாரணை என்று கட்டம் கட்டமாக, நேரே வக்கீலின் கணக்குக்குப் போகும். நடுவில் வழக்கின் நிலைமை மோசமானால் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதை நானே இட்டுக்கட்டிய ஓர் எளிய கணக்கில் காட்டுகிறேன். நீங்கள் கேட்பது 10 கோடி ரூபாய். வழக்குச் செலவு 1 கோடி, அதை நிதி நிறுவனம் போடுகிறது. ஒப்பந்தம் இப்படி: முதலில் போட்ட 1 கோடி திரும்பும். அதற்கு மேல், போட்டதைப் போல இரண்டு மடங்கு அல்லது கிடைத்ததில் 30 சதவீதம், எது அதிகமோ அது நிறுவனத்துக்கு. கேட்ட 10 கோடியும் கிடைத்தால் நிறுவனத்துக்கு 1 கோடியும் 3 கோடியும், உங்களுக்கு 6 கோடி. பரவாயில்லை, இல்லையா? இப்போது எதிராளி 4 கோடிக்குச் சமரசம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் 1.2 கோடிதான், இரண்டு மடங்கே அதிகம். ஆக நிறுவனத்துக்கு 1 கோடியும் 2 கோடியும். உங்களுக்கு மிச்சம் 1 கோடி. சமரசம் 3 கோடிக்கு முடிந்தால் உங்களுக்குப் பூஜ்யம்.

தபால் நிலையக்காரர்கள் கதையிலும் இதே மாதிரியான கணக்குதான் வேலை செய்தது. நிறுவனத்தின் பங்கு பெரும்பாலும் போட்ட பணத்தைப் பொறுத்து வளர்கிறது. வழக்கு இழுக்க இழுக்கப் போட்ட பணம் ஏறுகிறது. எதிராளி தரும் தொகை மட்டும் அதற்கேற்ப ஏறுவதில்லை. 2019 மார்ச்சில் முதல் தீர்ப்பு தபால் நிறுவனத்துக்குப் பாதகமாக வந்ததும், அது நீதிபதி ஃப்ரேசர் பாரபட்சமானவர், அவரை விலக்குங்கள் என்று மனுப் போட்டது. மனு தள்ளுபடியானது. ஆனால் அந்த மனுவுக்குப் பதில் சொல்ல வாதிகள் தரப்பில் காசு கரைந்தது கரைந்ததுதான். கையிருப்பு தீரும் இடத்துக்கு எதிராளியைத் தள்ளுவது பணக்காரப் பிரதிவாதிகளின் பழைய உத்தி. 4.6 கோடி பவுண்டு போனதற்கு நிதி நிறுவனத்தின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

சமரசம் கையெழுத்தான சில நாட்களில், டிசம்பர் 16 அன்று, மென்பொருள் பற்றிய இரண்டாவது தீர்ப்பு வந்தது. ஹொரைசன் நம்பத்தகுந்ததல்ல என்று நீதிமன்றம் பதிவுசெய்தது. பிற்பாடு தண்டனைகள் ரத்தானதற்கும், 2024-இல் மொத்தமாக ரத்துசெய்யத் தனிச் சட்டமே வந்ததற்கும் அந்த இரண்டு தீர்ப்புகள்தான் அஸ்திவாரம். வழக்குச் செலவு விழுங்கிய இழப்பீட்டை ஈடுகட்ட அந்த 555 பேருக்கென்று 2022-இல் அரசு தனித் திட்டமும் அறிவித்தது. வழக்கில் கிடைத்த பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும் நஷ்டம். வழக்கு திறந்துவிட்ட கதவை வைத்துப் பார்த்தால் வேறு கணக்கு. நிதி நிறுவனத்துக்கு முதல் கணக்கு மட்டும்தான் உண்டு, அதைக் குறை சொல்லவும் முடியாது.

இவ்வளவு பெரிய பங்கு ஏன்? நிறுவனம் இரண்டு வழக்குகளில் தலா 1 கோடி போட்டு ஒன்றில் தோற்றால், மற்றதில் 2 கோடி வந்தால்தான் போட்டதே திரும்பும். அதுவும் நான்கைந்து வருடம் கழித்து. வட்டிக்காரரின் அளவுகோலை வைத்து இதை அளக்க முடியாது. அதற்காக எந்தப் பங்கும் நியாயம் என்று ஆகிவிடாது.

தோற்றால் யார் கட்டுவது?

இங்கிலாந்தில் தோற்றவர்தான் ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் தர வேண்டும். அப்படியானால் அடுத்தவர் காசில் வழக்காடித் தோற்ற ஏழை வாதியிடமிருந்து ஜெயித்த பிரதிவாதி எதை வசூலிப்பார்? ஜெயித்தால் பங்கு வாங்கியிருக்கப்போகிற நிதிக்காரர் தோற்றவுடன் நழுவிவிடலாமா? 2005-இல் ஆர்க்கின் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவழி ஒன்று கண்டது. எவ்வளவு போட்டாரோ அவ்வளவு வரைக்கும் எதிராளியின் செலவையும் நிதிக்காரர் ஏற்க வேண்டும் என்றது. பிறகு எக்ஸ்காலிபர் வழக்கு வந்தது. ஈராக்கின் குர்திஸ்தான் எண்ணெய் வயல்களில் பங்கு கேட்டு, 160 கோடி டாலர் பெறுமானத்துக்குப் போட்ட வழக்கு அது. ஒன்றும் தேறாமல் தோற்றது. வாதியின் நடத்தை மோசம் என்று சொல்லி நீதிமன்றம் கடுமையான அளவில் செலவுத்தொகை விதித்தது, பணம் போட்டவர்களும் அதே கடுமையான அளவில் கட்ட வேண்டும் என்றது. எங்களுக்கும் அந்த நடத்தைக்கும் சம்பந்தமில்லை என்று அவர்கள் சொன்னது 2016-இல் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. அதனால் இப்போது தோற்றால் எதிராளிக்குக் கட்ட வேண்டிய செலவுக்கென்றே காப்பீடு எடுக்கிறார்கள். அந்தப் பிரீமியமும் கடைசியில் வாதியின் வரவிலிருந்துதான் கழியும்.

கடிவாளம்

எனக்கு இந்த ஏற்பாட்டில் பங்கின் அளவைவிட உறுத்துவது இன்னொன்று. சமரசத்துக்குச் சரி சொல்வதும் வேண்டாமென்பதும் யார் கையில்? ஏட்டளவில் எல்லா ஒப்பந்தமும் வாதி கையில் என்றுதான் சொல்லும்.

மாஸ்டர்கார்டு வழக்கைப் பாருங்கள். கார்டு பரிவர்த்தனைக் கட்டணத்தைச் சட்டவிரோதமாக உயர்த்தி வைத்ததால் கடைகளில் விலை ஏறியது, அதனால் பிரிட்டன் நுகர்வோர் 4 கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள் என்று அவர்கள் சார்பில் வால்டர் மெரிக்ஸ் என்பவர் வழக்குப் போட்டார். ஆரம்பத்தில் கேட்டது 1,400 கோடி பவுண்டு. பணம் போட்டது இன்ஸ்வொர்த் என்ற நிறுவனம். வருடங்கள் ஓடின, வழக்கின் பல பகுதிகள் உடைந்தன. கடைசியில் மெரிக்ஸ் 20 கோடி பவுண்டுக்குச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். இன்ஸ்வொர்த் கொதித்துப்போய்ச் சமரசத்தை எதிர்த்ததோடு, தன் வாதியான மெரிக்ஸ் மீதே நடுவர் மன்ற (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஏற்ற நடுவர்கள் தீர்த்துவைக்கும் முறை) நடவடிக்கையும் தொடங்கியது. அவரைக் காப்பாற்ற 1 கோடி பவுண்டு வரை பொறுப்பேற்றது யார் தெரியுமா? மாஸ்டர்கார்டு. வாதியின் சொந்த நிதிக்காரரிடமிருந்து வாதியைப் பிரதிவாதி காப்பாற்றும் விசித்திரத்தை எந்தச் சட்டப் புத்தகமும் எதிர்பார்த்திருக்காது. வணிகப் போட்டிச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் போட்டித் தீர்ப்பாயம் 2025-இல் சமரசத்தை ஏற்று, 10 கோடி பவுண்டை நுகர்வோருக்கென்று ஒதுக்கி வைத்தது. நிதி நிறுவனத்துக்குப் போட்டதும் அதில் பாதி அளவு லாபமும் கிடைத்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. உணவு விநியோக நிறுவனமான சிஸ்கோ, இறைச்சி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றின என்று போட்ட வழக்குகளுக்கு பர்ஃபோர்டு கேப்பிடல் என்ற வழக்கு நிதி நிறுவனம் 14 கோடி டாலர் தந்திருந்தது. சிஸ்கோ சமரசம் செய்யப் போனது, தொகை போதாது என்று பர்ஃபோர்டு நடுவர் மன்றத்தில் தடை வாங்கியது. ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டு, கடைசியில் 2023-இல் வழக்குகளையே பர்ஃபோர்டின் துணை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு சிஸ்கோ விலகிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் போய்விட்டார், வழக்கு மட்டும் தொடர்கிறது.

அந்த இடத்துக்கு வந்துவிட்டால் வழக்கு ஒரு சரக்கு. அர்ஜென்டினா 2012-இல் ஒய்பிஎஃப் எண்ணெய் நிறுவனத்தை அரசுடைமை ஆக்கியது. அதில் பங்கு வைத்திருந்த பீட்டர்சன் குழும நிறுவனங்கள் ஸ்பெயினில் திவாலாயின. திவால் சொத்துகளில் ஒன்றாகக் கிடந்த 'அர்ஜென்டினா மீது வழக்குப் போடும் உரிமை'யை 2015-இல் பர்ஃபோர்டு 1.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2023-இல் நியூயார்க் நீதிபதி லொரெட்டா பிரெஸ்கா, பீட்டர்சனுக்கும் இன்னொரு முதலீட்டாளருக்கும் சேர்த்து 1,610 கோடி டாலர் தர அர்ஜென்டினாவுக்கு உத்தரவிட்டார். அர்ஜென்டினா கட்டவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே, 2016-க்கும் 2019-க்கும் இடையில், பர்ஃபோர்டு தன் பங்கில் சில துண்டுகளை மற்ற முதலீட்டாளர்களுக்கு 23.6 கோடி டாலருக்கு விற்றுப் போட்ட காசைப் பல மடங்காக எடுத்துவிட்டது. தீர்ப்பு வருமுன்பே வழக்கில் லாபம்!

எல்லாம் இப்படி இனிப்பாக முடிவதில்லை. தென் பிலிப்பைன்ஸின் பழைய சூலு சுல்தானின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் மலேசியா மீது போட்ட நடுவர் வழக்குக்கும் தீரியம்தான் பணம். சபா மாநில நிலம் தொடர்பான 1878-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மலேசியா வருடாவருடம் 5,300 ரிங்கிட் கொடுத்து வந்தது. 2013-இல் சபாவின் லஹாட் டத்துவில் ஆயுதக் குழு ஊடுருவியபின் அதை நிறுத்தியது. 2022-இல் ஸ்பானிய நடுவர் ஒருவர் 1,492 கோடி டாலர் தரச் சொல்லித் தீர்ப்பெழுதினார். அவருடைய நியமனத்தையே ஸ்பெயின் நீதிமன்றம் அதற்கு முன்பே ரத்து செய்திருந்தது. உத்தரவை மீறியதற்காக அவருக்குக் குற்றத் தண்டனை கிடைத்தது. ஹேக் நகரிலும் பாரிஸிலும் தீர்ப்பு செல்லாமல் போனது. பணம் போட்டவருக்கு முதலும் இல்லை, பெயரும் கெட்டது.

லாபத்துக்கில்லாமல் பழிதீர்க்கப் போடப்படும் பணமும் உண்டு. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் 2016-இல் காக்கர் ஊடக நிறுவனத்துக்கு எதிராக 14 கோடி டாலர் தீர்ப்பு வாங்கியபோது, அவர் பின்னால் பணக்காரர் பீட்டர் தீல் சுமார் 1 கோடி டாலர் போட்டிருப்பது யாருக்கும் தெரியாது. தன் அந்தரங்கத்தை எழுதியதற்காக காக்கர் மீது தீலுக்குப் பழைய கோபம். விஷயம் வெளிவந்தபோது காக்கர் திவாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. யார் பணம் என்பதை நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டுமா என்ற விவாதம் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

பிரிட்டனில் 2023 ஜூலையில் ஒரு பூகம்பம் வந்தது. லாரி உற்பத்தியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்தது தொடர்பான பக்கார் வழக்கில், இழப்பீட்டில் சதவீதம் கேட்கும் நிதி ஒப்பந்தங்கள், வக்கீல்களின் சதவீத ஒப்பந்தங்களுக்கான கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பில் இருந்த எத்தனையோ ஒப்பந்தங்கள் ஒரே நாளில் செல்லாதவை ஆயின. பேட்ஸ் பத்திரிகையில் எழுதியது இதை எதிர்த்துத்தான். நிறுவனங்கள் சதவீதத்தை விட்டு 'போட்டதைப் போல இத்தனை மடங்கு' என்ற வாசகத்துக்குத் தாவின, 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மடங்குக் கணக்கு சிறிய சமரசங்களில் வாதியை எப்படிக் கடிக்கும் என்பதை மேலே பார்த்தோம். வாதியைக் காக்க வந்த ஒரு விதி அவரை மோசமான கணக்குக்குத் தள்ளியிருக்கிறது.

நம் ஊரில்

மற்றவர் வழக்குக்குப் பணம் கொடுத்துப் பங்கு கேட்பது இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். பிரபுக்கள் ஆள்பலமும் பணபலமும் கொடுத்து எதிரிகள் மீது வழக்குகளை ஏவிவிட்ட இடைக்காலத்தில் பிறந்த தடை அது. ஆனால் அதே இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்), இந்தியாவுக்கு இந்தத் தடை கிடையாது என்று 1876-இலேயே சொல்லிவிட்டது. கல்கத்தாவில் ஒரு தம்பதி சொத்துரிமை கேட்டு வழக்குப் போட, சந்திரகாந்த முகர்ஜி என்பவர் பங்கு பேசிப் பணம் கொடுத்தார். வழக்கு தோற்றது. ஜெயித்த ராம் குமார் குண்டு தன் செலவை அந்தத் தம்பதியிடமிருந்து வாங்க முடியாமல் முகர்ஜி மீது வழக்குப் போட்டார். கவுன்சில் முகர்ஜியை விட்டுவிட்டது. பணமில்லாதவர் நியாயமான உரிமையை நிலைநாட்ட, சொத்தில் பங்கு தருவதாகச் சொல்லி உதவி பெறுவது இந்தியாவில் தவறில்லை என்றது. ஆனால் பங்கு கொள்ளையாக இருந்தாலோ, எதிராளியைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு நடந்தாலோ அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தாது. அதற்கு முன்பே சென்னை மாகாணத்திலிருந்து போன ஃபிஷர் எதிர் கமலா நாயக்கர் வழக்கிலும் கவுன்சில் இந்த விஷயத்தைத் தொட்டிருந்தது. ஜமீன் வழக்குகள் தலைமுறை கடந்து நடந்த காலம் அது. சிவகங்கை ஜமீன்தார் 1829-இல் இறந்தார், வாரிசு யார் என்பதைக் கட்டம நாச்சியார் வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவுசெய்தது 1863-இல். கைக்காசை மட்டும் நம்பி அவ்வளவு காலம் வழக்காடுவது லேசான காரியமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே பாதைதான். ஜெயித்ததில் பாதி எனக்கு என்று கட்சிக்காரரிடம் ஒப்பந்தம் போட்ட மூத்த வக்கீல் ஒருவரை 1954-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மற்றவர் செய்தால் குற்றமில்லை, வக்கீல் செய்யக் கூடாது என்று கோடு கிழித்தது. வாகன விபத்து இழப்பீட்டில் சதவீதம் கேட்ட வக்கீலுக்கும் 2017-இல் அதே பதில் கிடைத்தது. விபத்து வழக்கு நடக்கும் எந்த ஊர் நீதிமன்ற வளாகத்திலும் இந்த விதியை எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம். 2018-இல், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. போகிற போக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல் அல்லாத மூன்றாமவர் வழக்குக்குப் பணம் தந்து முடிவுக்குப் பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்றது. இன்று இந்தியாவில் இத்தொழில் செய்பவர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான். ஒரு தொழில் முழுதும் ஒரு வரியில் நிற்கிறது.

தோற்றால் யார் கட்டுவது என்ற கேள்வியும் திரும்பி வந்தது. சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில் ஜெயித்தவர்கள், தோற்ற தரப்புக்குப் பணம் போட்ட டுமாரோ சேல்ஸ் ஏஜென்சியிடமிருந்து செலவுத்தொகையை வசூலிக்க டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 2023-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, நடுவர் வழக்கில் தரப்பாக இல்லாதவர் மீது அந்தச் சுமையை ஏற்ற முடியாது என்றது. 147 வருடம் கழித்தும் முகர்ஜிக்குக் கிடைத்த அதே பதில்தான். தடையைக் கண்டுபிடித்த இங்கிலாந்து நிதிக்காரரிடம் செலவு வசூலிக்கிறது, தடையே இல்லாத இந்தியா விட்டுவிடுகிறது. இது சரியென்று எனக்குப் படவில்லை. லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டத்தில் எதிராளிக்கு ஒன்றும் தர வேண்டாம் என்றால், பணம் போடுபவருக்கு வழக்கைத் தரம் பார்த்து எடுக்கும் கட்டாயம் குறைந்துவிடும். மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது ஆணையைத் திருத்தி, நிதி தந்தவரை வழக்கில் சேர்க்கவும் செலவுக்கு ஈடு கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கின்றன. 

அப்படியிருந்தும் சாதாரண சிவில் வழக்குகளுக்கு இந்தப் பணம் ஏன் வரவில்லை? காலம்தான் காரணம். தமிழ்நாட்டில் வழக்குத் தொகையில் 7.5 சதவீதமாக இருந்த நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 3 சதவீதமாகக் குறைந்தது, ஆகவே ஸ்டாம்ப் செலவு முன்போல் ஆளைக் கொல்வதில்லை. முடிவு எந்த வருடம் வரும் என்று சொல்ல முடியாததுதான் முதலீட்டாளரை விரட்டுகிறது. அதனால் பணம் நடுவர் மன்ற வழக்குகளைத் தேடிப் போகிறது, குறிப்பாக அரசு நிறுவனங்களிடமிருந்து கட்டுமான நிறுவனங்களுக்கு வர வேண்டிய தொகைகளை. 2019-இல் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம், தனக்குச் சாதகமான நடுவர் தீர்ப்புகளையும் நிலுவைக் கோரிக்கைகளையும் பிளாக்ராக் தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு 1,750 கோடி ரூபாய்க்கு மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தத்தை அறிவித்தது. நிலத்தில் இதைப் போன்ற ஒன்று நம்மூரில் வெகுகாலமாக நடப்பதுதான். வில்லங்கச் சொத்தைப் பாதி விலைக்கு வாங்கி, கேஸ் நடத்தி ஜெயித்து முழு விலைக்கு விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வெறும் வழக்குப் போடும் உரிமையை மட்டும் விற்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இடம் தராது, வழக்கிலிருக்கும் நிலத்தை விற்கத் தடை இல்லை, வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

இந்தியாவில் இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிலை யாருக்காவது வந்தால், சதவீதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. சிறிய தொகைக்குச் சமரசமானால் மிச்சம் எவ்வளவு என்று மேலே காட்டியதைப் போல மூன்று நான்கு தொகைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எதிராளியின் செலவை யார் ஏற்பது, நடுவழியில் நிறுவனம் விலகினால் அதுவரை போட்ட பணத்துக்குப் பங்கு கேட்குமா, வக்கீல் யார் பேச்சைக் கேட்பார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சமரசம் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது என்பதற்கு இங்கிலாந்தின் வழக்கு நிதியாளர் சங்கம் 2011-இலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது: வெளியிலுள்ள ஒரு மூத்த வக்கீலிடம் கேள்வி போகும், அவர் சொல்வதே முடிவு. சங்கத்தில் சேர்ந்த நிறுவனங்களை மட்டும் கட்டுப்படுத்தும் விதி அது. இந்தியாவில் அப்படி ஒரு விதியைச் சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை, வாதியின் வக்கீல்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.